குவைத்தில் தலையிடி, கோண்டாவிலில் கூகுள்: பணிப்பெண்கள் மருத்துவத் தகவல் தேடும் விதம்

குவைத்தில் இரவு 11 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் அதிகாலை 1.30. சவூதிக்கும் கட்டாருக்கும் அதே இரண்டரை மணித்தியால வித்தியாசம். டுபாய், ஓமான் பக்கம் ஒன்றரை மணித்தியாலம். வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்குப் பாத்திரம் கழுவி முடிந்து, அந்த வீட்டுப் பிள்ளைகள் படுத்த பிறகு, பெரும்பாலும் அந்த 11 மணிக்குத்தான் போன் கையில் கிடைக்கும். பகல் முழுக்கப் பொறுத்துக்கொண்ட தலையிடியைப் பற்றியோ சலக்கடுப்பைப் பற்றியோ யாரிடமாவது கேட்க அப்போதுதான் நேரம் வருகிறது. அவர் அதைக் கூகுளில் தட்டுவது குறைவு. மகளுக்கோ தங்கச்சிக்கோ வட்ஸ்அப்பில் குரல்பதிவு போடுகிறார்: "பிள்ளை, ரெண்டு நாளா நாரி உளையுது, சலம் போகேக்க எரியுது, என்ன குளிசை போடலாமெண்டு ஒருக்கா கேட்டுச் சொல்லு."

மகள் காலையில் எழும்பி அதைக் கேட்கிறாள். யூரியூப்பில் பார்க்கிறாள், தெரிந்த பாமசியில் விசாரிக்கிறாள், பள்ளிக்கூடமோ வேலையோ முடிந்து வந்து பதில் அனுப்புகிறாள். தாய் அதைக் கேட்கும்போது மறுபடி இரவு 11 மணி. ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க ஒரு முழு நாள் போய்விடுகிறது. அந்த ஒரு நாளில் சலக்கடுப்புக் காய்ச்சலாக மாறலாம்.

வெளிநாட்டுப் பணிப்பெண்களின் இணையத் தேடலைப் பற்றிக் கதைக்கும்போது பலரும் போனும் பெண்ணும் தனியே இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அந்தத் தேடலின் பெரும்பகுதி யாழ்ப்பாணத்து வீட்டுக்குள்தான் நடக்கிறது. அங்கே நோயும் இங்கே தேடலுமாக இருக்கும்போது, நடுவில் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒன்று தவறிப்போகிறது: ஒரு சொல், ஒரு மருந்தின் பெயர், ஒரு எண், ஒரு மணித்தியாலம். எங்கே எது தவறுகிறது என்று தெரிந்தால் பாதியைத் தடுக்கலாம். அதைத் தடுக்கும் வேலை போகிறவருக்கு மட்டும் உரியதல்ல, போனை வைத்துக்கொண்டு இங்கே இருப்பவருக்கும் உரியது.

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. குடிபெயர்வோரின் சுகாதாரத்துக்கென்று தேசியக் கொள்கையொன்று 2013இலேயே வந்துவிட்டது. 2022 ஒரு வருடத்தில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவுசெய்து வேலைக்குப் போனார்கள். இவ்வளவு பெரிய ஓட்டத்தில், இரவு 11 மணிக் குரல்பதிவுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டுக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

சொல்லில் தடக்குப்படுகிற தேடல்

இணையத்தில் தமிழில் கிடைக்கும் மருத்துவ விளக்கங்களில் மிகப் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருவது. நல்ல மருத்துவர்கள் பலர் அங்கே தெளிவாகப் பேசுகிறார்கள். ஆனால் நோயைச் சொல்ல அவர்களிடம் இருக்கும் சொல் வேறு, எங்களுடைய சொல் வேறு. நாங்கள் தலையிடி என்பது அங்கே தலைவலி. நாரிநோ அங்கே இடுப்பு வலி. குளிசை என்றால் மாத்திரை, சத்தி என்றால் வாந்தி, வயித்தாலை போனால் வயிற்றுப்போக்கு. சுகாதாரத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரத்தில் நாங்கள் படிக்கும் "உயர் குருதி அமுக்கம்" அங்கே "உயர் ரத்த அழுத்தம்". "சத்தி" என்று தட்டினால் போனே அதைச் "சக்தி" என்று திருத்திவிடவும் கூடும்.

இவையெல்லாம் நேரத்தை வீணாக்கும், அவ்வளவுதான். ஆபத்தான சொற்கள் வேறு. எங்களிடம் "வருத்தம்" என்றால் நோய், அங்கே அது மனத்துயரம். "நெஞ்சு வருத்தம்" என்று தேடுகிற பிள்ளைக்கு இருதயநோய் பற்றி வரவேண்டியது, மனம் ஆறுவதற்கான பேச்சாக வந்து நிற்கலாம். "தடிமன்" எங்களுக்குச் சளிபிடித்தல், அங்கே பலருக்குப் பருமன். "முட்டு" எங்களுக்கு மூச்சு முட்டி இழுப்பது, அதைத் தட்டினால் மூட்டு வலிக்குப் போய்விடும். எல்லாவற்றிலும் மோசமானது "களைக்குது". யாழ்ப்பாணத்தில் ஒருவர் "படியேற ஏலாமல் களைக்குது" என்றால் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். தேடுபொறிக்கும் தமிழ்நாட்டு வீடியோவுக்கும் களைப்பு என்றால் சோர்வு. இருதயத்தையோ ஆஸ்துமாவையோ கடும் இரத்தச்சோகையையோ பார்க்கவேண்டிய இடத்தில் "பேரீச்சம்பழம் சாப்பிடுங்கள், விற்றமின் எடுங்கள்" என்று பதில் வரும். அந்தப் பதிலில் பொய் ஏதுமில்லை. கேள்விதான் மாறிப்போய்விட்டது.

ஆகவே வீட்டிலிருந்து தேடுபவர் முதலில் செய்யவேண்டியது மொழிபெயர்ப்பு, யாழ்ப்பாணத் தமிழிலிருந்து புத்தகத் தமிழுக்கு. களைக்குது என்றால் "மூச்சுத் திணறல்". சலம் எரியுது என்றால் "சிறுநீர்ப் பாதைத் தொற்று". முட்டு என்றால் "மூச்சிரைப்பு" அல்லது "ஆஸ்துமா". சீனி வருத்தம் என்றால் "நீரிழிவு" அல்லது "சர்க்கரை நோய்". குரல்வழித் தேடலில் முழு வசனத்தைச் சொல்லாமல் இந்தச் சொற்களில் இரண்டை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொன்னால் போன் பிடித்துக்கொள்ளும். "எண்டு", "போகேக்க" என்று பேச்சுத் தமிழில் சொன்னால் தடுமாறும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும் பழக்கமும் பலரிடம் உண்டு. அப்படித் தட்டினால் வருவது பெரும்பாலும் கருத்துப் பெட்டிகளில் ஆக்கள் எழுதிய வைத்தியம், அதைத் தவிர்ப்பது நல்லது. இப்போது பலர் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடமும் கேட்கிறார்கள். அவற்றுக்கும் இதே சொற்சிக்கல் உண்டு, அதோடு பிழையான பதிலையும் தயங்காமல் சொல்லும் குணமும் உண்டு. மருந்தின் பொதுப்பெயர், அது எதற்கு, எதனுடன் சேர்த்துப் போடக்கூடாது என்ற அளவில் அவற்றிடம் கேட்கலாம். அளவை மருந்தாளரிடம் உறுதிசெய்த பிறகே அங்கே சொல்லி அனுப்பவேண்டும்.

மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்த மண்ணிலிருந்து போன பெண்ணுக்குத் தன் நோயைத் தன் சொல்லில் தேடினால் பதில் கிடைக்காமல் இருப்பது மனதை உறுத்துகிறது. யாழ்ப்பாணத்து மருத்துவர்களும் மருத்துவபீட மாணவர்களும் எங்கள் சொற்களைத் தலைப்பில் வைத்துச் சின்னச் சின்ன வீடியோக்கள் போட்டால் இந்த இடைவெளியில் ஒரு பகுதி இப்போதே அடைபடும். "களைக்குதா? எப்போது ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்?" என்ற ஒரு தலைப்பே போதும்.

ஒரே மருந்து, ஐந்து பெயர்

அடுத்த தடக்கல் மருந்தின் பெயர். இங்கே காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் பனடோல். தமிழ்நாட்டு வீடியோவில் டோலோ, குரோசின். சவூதிப் பாமசியில் ஃபெவடோல். அமீரகத்தில் அடோல். ஐந்தும் பரசிற்றமோல்தான். இதைத் தெரியாமல், வீட்டில் கொடுத்த பனடோலையும் போட்டு, மகள் சொன்னதென்று இன்னொன்றையும் போட்டு, எஜமானி கொடுத்த தடிமன் குளிசையையும் போட்டால் ஒரே மருந்தை மூன்று மடங்காக எடுத்ததாகிவிடும். தடிமனுக்கென்று விற்கும் கலப்புக் குளிசைகள் பலவற்றிலும் ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் இருக்கிறது.

கணக்கு இதுதான். வளர்ந்தவருக்கு ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் குளிசை 1 அல்லது 2. அடுத்ததற்கு இடையில் குறைந்தது 4 மணித்தியாலம், 6 என்றால் நல்லது. 24 மணித்தியாலத்தில் எல்லாப் பெயரிலும் சேர்த்து 8 குளிசைக்கு மேல் கூடாது, அதாவது 4 கிராம். 50 கிலோவுக்குக் குறைந்த உடம்புள்ளவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் இதிலும் குறைவு. மீறினால் ஈரல் பழுதாகும். அது முதல் நாளில் வெளியே தெரியாது என்பதால்தான் பயப்படவேண்டியிருக்கிறது. பனடோல் எக்ஸ்ட்ராவில் கஃபீன் இருக்கிறது, இரவில் போட்டால் நித்திரை கெடும். பனடோல் நைட்டில் நித்திரை வரவைக்கும் மருந்து இருக்கிறது. காலையில் போட்டுவிட்டு அடுப்படியில் நின்றால் ஆபத்து.

முகநூல் குழுக்களில் அடிக்கடி சொல்லப்படும் இன்னொன்று நாரிநோவுக்கு வோல்ட்டரின், அதாவது டைக்குளோபெனாக். பாரம் தூக்கி, குனிந்து நிலம் துடைத்து நாரி போனவருக்கு அது சுகம் தரும் என்பது உண்மை. ஆனால் பிரஷர், ஆஸ்துமா, இரைப்பைப் புண், சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்கு அது கூடாது, கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் கூடாது. குழுவில் "இதைப் போடுங்கோ அக்கா, எனக்குச் சுகமாச்சு" என்று எழுதுகிறவருக்கு அந்த அக்காவின் பிரஷர் தெரியாது. நல்ல மனதோடுதான் சொல்கிறார். அதனாலேயே அதை மறுக்கவும் கஷ்டமாக இருக்கிறது.

வீட்டார் பழகவேண்டிய பழக்கம் ஒன்றுதான்: வியாபாரப் பெயரை விட்டுவிட்டுப் பொதுப்பெயரைக் கேட்பது. குளிசைப் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பது மருந்தின் பெயர். வளைகுடாவில் விற்கும் பெட்டிகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் அரபு, மறுபக்கம் ஆங்கிலம். தாய் அரபுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் "திருப்பிப் பிடியுங்கோ" என்று சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும். பெட்டியின் நான்கு பக்கமும் குளிசை அட்டையின் பின்பக்கமும் சேர்த்து ஐந்து படம். ஒரு படம் போதாது, ஏனென்றால் பெயர் ஒரு பக்கம், அளவு ஒரு பக்கம், காலாவதித் திகதி இன்னொரு பக்கம்.

பாமசிக்காரர் பெட்டியில் கையால் எழுதிக்கொடுப்பது அரபில் இருக்கும். கூகுள் மொழிபெயர்ப்புச் செயலியில் கமராவைத் திறந்து அரபு–தமிழ் என்று வைத்துக்கொண்டு பிடிக்கலாம். வைஃபை இல்லாத வீட்டில் இருப்பவர், டேட்டா கிடைக்கும் நாளில் அரபு, தமிழ் இரண்டு மொழிப் பொதிகளையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளவேண்டும். அச்செழுத்தில் இது ஓரளவு சரிவரும், கையெழுத்தில் பிழைவிடும். மினுங்கும் அட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாலும் பிழைவிடும், கொஞ்சம் சரித்துப் பிடிக்கவேண்டும்.

எழுத்தைவிட எண்ணில்தான் விபத்து நடக்கும். அங்கே கையால் எழுதும் அரபு எண்களில் 5 வட்டமாக, எங்கள் பூச்சியம் போலவே இருக்கும். பூச்சியம் வெறும் புள்ளி. 6 எங்கள் 7 போல இருக்கும். 7 வாய் மேலே திறந்த கவட்டை போல, 8 அதைக் கவிழ்த்து வைத்தது போல. ஆகவே "8 மணித்தியாலத்துக்கு ஒன்று" என்பதையும் "6 மணித்தியாலத்துக்கு ஒன்று" என்பதையும் குழப்பிக்கொள்வது சுலபம். 500 என்பது ஒரு வட்டமும் இரண்டு புள்ளியுமாகத் தெரியும். வசனம் வலமிருந்து இடமாக ஓடினாலும் எண் இடமிருந்து வலமாகத்தான் வாசிக்கப்படும். இந்தப் பத்து எண்களையும் ஒரு துண்டில் எழுதிச் சமையலறைக் கதவுக்குள் ஒட்டிவைத்தால் ஒரு கிழமையில் மனப்பாடம் ஆகிவிடும். அதோடு நாலைந்து சொல்: கபுல் அகல் என்றால் சாப்பாட்டுக்கு முன், பஅத் அகல் என்றால் பின், ஹப்பா குளிசை, மர்ரதைன் இரண்டு தடவை. பாமசிக்குச் சைதலியா. ஒவ்வாமைக்கு ஹஸ்ஸாசியா. கர்ப்பமாக இருந்தால் ஹாமில் என்று கட்டாயம் சொல்லவேண்டும், கேட்காவிட்டாலும்.

அன்ரிபயோற்றிக்கைப் பாமசியிலேயே கேட்டு வாங்கலாம் என்று பழைய வீடியோக்களில் சொல்கிறார்கள். சவூதியில் 2018இலிருந்து வைத்தியரின் துண்டில்லாமல் கொடுப்பதைக் கண்டிப்பாகத் தடுக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருவதற்குக் காரணம் பல வீடுகளில் தெளிவானது: வேலைக்கு இடையில் தண்ணீர் குடிக்க நேரமில்லை, கழிவறைக்குப் போகத் தயக்கம். எரிச்சல் மட்டும் என்றால் தண்ணீரும் பார்லியும் இதம் தரலாம், தொற்றை மாற்றாது. காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாப்பக்கம் குத்து, சத்தி சேர்ந்துவிட்டால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அப்போது வீட்டிலிருந்து அனுப்பவேண்டிய பதில் ஒன்றுதான்: இன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும்.

11 என்றால் கூடவா குறையவா?

சீனி வருத்தம் உள்ள ஒருவர் அங்கே இரத்தம் பார்த்துவிட்டு "11 எண்டு காட்டுது" என்று சொன்னால் இங்கே வீட்டார் பயந்துபோவார்கள், 110 இருக்கவேண்டிய இடத்தில் 11 ஆ என்று. உடனே சீனித்தண்ணி குடிக்கச் சொல்வார்கள். அது நேர்மாறான வைத்தியம். இங்கே பெரும்பாலும் டெசிலீற்றருக்கு மில்லிகிராமில் சொல்கிறோம், வளைகுடாவில் பல ஆய்வுகூடங்களும் கருவிகளும் லீற்றருக்கு மில்லிமோலில் காட்டும். 18ஆல் பெருக்கவேண்டும். 11 என்றால் 198, கூடத்தான். வெறும் வயிற்றில் 7 என்றால் 126, அது நீரிழிவு என்று சொல்லும் எல்லை. 4க்குக் குறைந்தால், அதாவது 72க்குக் கீழே வந்தால்தான் சீனித்தண்ணிக்கு வேலை.

கொலஸ்ரரோலுக்குப் பெருக்கும் எண் 38.67, ஆக 5 என்றால் ஏறத்தாழ 193. கிரியற்றினின் 88 என்று வந்தால் சிறுநீரகம் போய்விட்டது என்று அழவேண்டாம், அது எங்கள் கணக்கில் 1. ஹீமோகுளோபின் 105 என்றால் 10.5. காய்ச்சலும் அப்படித்தான். நாங்கள் 100, 102 என்று பரனைற்றில் கதைக்கிறோம், அங்கே வெப்பமானி செல்சியஸில் காட்டும். 38 என்றால் 100.4, 39 என்றால் 102.2, 40 என்றால் 104. அளவோடு அலகையும் கேட்காமல் எதையும் தேடக்கூடாது. கருவியின் திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் அலகும் அதிலேயே இருக்கும்.

போன் யாருடையது

இங்கேயிருந்து கேள்வி கேட்கும்போது மறந்துபோகிற ஒன்று, அந்தப் போனை வேறு யாரும் பார்க்கலாம் என்பது. சில வீடுகளில் போனே எஜமானர் வாங்கிக்கொடுத்தது, அவருடைய கணக்கில்தான் திறந்திருக்கும். அப்படியென்றால் அதில் தேடியதும் எடுத்த படமும் அவருடைய இன்னொரு கருவியில் தெரியலாம். தன்னுடைய போனாக இருந்தாலும் வட்ஸ்அப்பின் அமைப்புகளில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற இடத்தைப் பார்க்கவேண்டும். தெரியாத கணினி ஏதும் அங்கே இருந்தால் அதை அழுத்தி வெளியேற்றிவிடலாம். கூகுள் செயலியில் முகப்படத்தை அழுத்தினால் கடைசி 15 நிமிடத் தேடலை அழிக்கும் வசதி உண்டு. எஜமானரின் வைஃபையில் இருந்தால் எந்தத் தளத்துக்குப் போனோம் என்பது தெரியக்கூடும், என்ன சொல்லைத் தேடினோம் என்பது பொதுவாகத் தெரியாது. 2023இலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு உரையாடலை மட்டும் பூட்டிவைக்கலாம். தானாக மறையும் செய்தியாகவும் வைக்கலாம், ஆனால் மறைவதற்கு முன் இங்கே இருப்பவர் மருந்துப் பெயரையும் திகதியையும் கொப்பியில் எழுதிக்கொள்ளவேண்டும்.

அமீரகத்தில் வட்ஸ்அப் அழைப்பு எடுபடாது, ஆனால் குரல்பதிவும் எழுத்தும் போகும். அம்மா எடுக்கவில்லையே என்று பதறுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கவேண்டும்.

இரகசியம் உயிரோடு சம்பந்தப்படுகிற இடம் கர்ப்பம். திருமணத்துக்கு வெளியே கர்ப்பம் என்றால், அது அந்தப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையால் வந்ததாக இருந்தாலும்கூட, பல வளைகுடா நாடுகளில் ஆஸ்பத்திரிக் கதவிலேயே சட்டச் சிக்கல் தொடங்கக்கூடும். அதனால் தேடல் முகநூலுக்கும் ரிக்ரொக்குக்கும் போகிறது, அங்கே குளிசை விற்கிறவர்கள் காத்திருக்கிறார்கள். அட்டையில்லாமல், பெயரில்லாமல் கைமாறும் குளிசை என்னவென்று யாருக்கும் தெரியாது. வீட்டார் திட்டுவார்கள் என்ற பயம் இல்லாவிட்டால் அவர் முதலில் வீட்டுக்குத்தான் சொல்லுவார். அப்படிச் சொன்னால் முதல் வேலை இலங்கைத் தூதரகத்தின் தொழிலாளர் நலன் பிரிவுக்கு அறிவிப்பது. மாதவிடாய் தள்ளிப்போயிருந்து அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் குத்து, மயக்கம், தோள்முனையில் நோவு என்று வந்தாலோ, ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு துணி நனையும் அளவுக்கு இரத்தம் போனாலோ, சட்டத்தைப் பற்றி யோசிக்க நேரமில்லை. அம்புலன்ஸ்தான்.

மனம் சரியில்லை என்பதை யாரும் அப்படியே தேடுவதில்லை. நித்திரை வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, தலையிடி மாறவில்லை என்றுதான் குரல்பதிவு வரும். 2009க்குப் பிறகு குடும்பப் பாரத்தைத் தனியாகச் சுமந்து, கணவனையோ பிள்ளையையோ இழந்த துயரோடு போன பெண்களும் அவர்களில் இருக்கிறார்கள். மூன்று மாதமாகத் தலையிடி, பனடோலுக்கு மாறவில்லை என்றால் புதுக் குளிசை தேடுவதை நிறுத்திவிட்டு "எத்தனை மணித்தியாலம் படுக்கிறீங்கள், சாப்பிடுறீங்களா, ஆரும் அடிக்கிறவையா" என்று கேட்கவேண்டும். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இது இலங்கைக்குள் இருந்து மட்டும் எடுபடும் குறுகிய இலக்கம். வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989உம் அப்படித்தான். அங்கேயிருந்து அழைத்து எடுபடவில்லை என்று கைவிடாமல், இங்கே இருப்பவர் எடுத்துக் கதைக்கவேண்டும்.

தேடக்கூடாத நேரம்

சில அறிகுறிகளுக்கு யூரியூப்பைத் திறப்பதே பிழை. நெஞ்சை அமுக்கும் நோவு, ஒரு பக்கக் கை கால் இயங்காமை, வாய் கோணல், பேச்சுக் குழறல், திடீரென்று வாழ்க்கையில் வராத தலையிடி, மூச்சு எடுக்க ஏலாமை, வலிப்பு, இரத்தச் சத்தி, சாகவேண்டும் போலிருக்கிறது என்ற பேச்சு. இவற்றுக்குச் சவூதியில் அம்புலன்ஸ் 997, குவைத்தில் 112, கட்டாரிலும் பஹ்ரைனிலும் 999, அமீரகத்தில் 998, ஓமானில் 9999, ஜோர்தானில் 911, லெபனானில் செஞ்சிலுவைச் சங்கத்தின் 140. அவசரமில்லாத கேள்விக்குச் சவூதிச் சுகாதார அமைச்சின் 937 இருக்கிறது.

இலக்கம் தெரிந்தும் ஆள் வராமல் போவதற்குக் காரணம் முகவரி. பல பெண்களுக்குத் தாங்கள் இருக்கும் வீட்டின் முகவரி தெரியாது. குவைத்தில் வீட்டு வாசலில் நீலத் தகட்டில் பாசி (PACI) இலக்கம், அதாவது அந்த வீட்டை அடையாளம் காட்டும் அரச எண், இருக்கும். சவூதியில் நான்கு எழுத்தும் நான்கு எண்ணும் கொண்ட குறுமுகவரி. டுபாயில் பத்து இலக்க மகானி எண். போன முதல் கிழமையே குப்பை கொட்ட வெளியே போகும்போது அதைப் படமெடுத்து, வட்ஸ்அப்பில் இருப்பிடத்தையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிடவேண்டும்.

குளோரின் வெளுப்புத் திரவத்தையும் கழிவறை அமிலத்தையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். கண்ணாடி துடைக்கும் அமோனியாவோடு சேர்த்தாலும் நச்சு வாயுதான். இங்கே வந்து சேரும் குரல்பதிவில் அது "ஒரே இருமல்" என்று மட்டும் இருக்கும். மகள் இருமலுக்குக் கசாயம் தேடுவாள். "இருமல் தொடங்கேக்க என்ன செய்துகொண்டு நிண்டனீங்கள்?" என்ற ஒரு கேள்வி எல்லாவற்றையும் மாற்றிவிடும். பதில் கழிவறை என்றால், வெளியே வந்து காற்றுப்பட நிற்கவேண்டும், யன்னல்களைத் திறக்கவேண்டும், மூச்சு இறுகினால் அம்புலன்ஸ்.

சிகிச்சைச் செலவு யாருடையது என்பதும் மருத்துவத் தகவல்தான். குவைத்தின் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டமும் கட்டாரின் 2017ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமும் வீட்டுப் பணியாளரின் வைத்தியப் பொறுப்பை எஜமானரிடம் வைத்திருக்கின்றன. சம்பளத்தில் கழிப்பார்கள் என்ற பயத்தில் நோயை மறைக்கிற பெண்ணுக்கு, எந்த வீடியோவையும் விட இந்த ஒரு வசனம் முக்கியம்.

போகமுன் செய்துவைக்கவேண்டியது

வைத்தியப் பரிசோதனைக்கு முன்னரே தவறான தேடல் தொடங்கிவிடுகிறது. எக்ஸ்ரேயில் நெஞ்சுத் தழும்பு தெரியாமலிருக்க இன்னதைக் குடியுங்கள் என்று வரும் வீடியோக்களை நம்பவேண்டாம். குடிப்பது வயிற்றுக்குப் போகும், எக்ஸ்ரே நுரையீரலைப் பார்க்கிறது. காசநோய் இருந்தால் மாவட்ட மார்பு நோய் கிளினிக்கில் சிகிச்சை இலவசம், வழமையாக 6 மாதம்.

பெரியாஸ்பத்திரியிலோ வேறு அரச கிளினிக்கிலோ மருந்து எடுப்பவர்கள் போகமுன் கிளினிக் கொப்பியின் கடைசி நான்கு பக்கங்களைப் படமெடுக்கவேண்டும். உறையில் உதிரியாகத் தரும் குளிசைகள் ஒவ்வொன்றின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் மருந்தாளரிடம் கேட்டு ஆங்கில அச்செழுத்தில் எழுதுவிக்கவேண்டும், "வெள்ளைக் குளிசை, காலையில் ஒன்று" என்பது குவைத் பாமசியில் உதவாது. தைரோயிட் குளிசை மைக்குரோகிராமில் வரும், மில்லிகிராம் என்று எழுதிவிட்டால் ஆயிரம் மடங்கு பிழை. நித்திரைக் குளிசையும் திரமடோல் போன்ற கடும் நோ மருந்தும் பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. வைத்தியரின் கடிதமில்லாமல், சில நாடுகளில் முன்னனுமதியும் இல்லாமல், பையில் இருந்தால் விமான நிலையத்திலேயே பிரச்சினை. வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில் இருப்பார், சந்தேகத்தை அவரிடம் கேட்கலாம்.

கடைசியாக, குரல்பதிவையே ஒருக்கால் பழகிப் பார்ப்பது. ஒரு நிமிடத்துக்குள் இவை வரவேண்டும்: என்ன செய்கிறது, எப்போதிலிருந்து, தொடங்கும்போது என்ன வேலை செய்தார், காய்ச்சல் எத்தனை, கடைசி மாதவிடாய் எந்தத் திகதி, இதுவரை போட்ட குளிசைகளும் போட்ட நேரமும், ஒத்துவராத மருந்து. அதைக் கேட்கும் பிள்ளையின் போனில் அம்மாவின் இலக்கத்துக்கு மட்டும் தனி ஒலி வைத்து, இரவில் தலைமாட்டில் வைத்திருந்தால், 1.30க்கு வந்த கேள்விக்கு 1.45க்கே "இது காலை வரைக்கும் பொறுக்கலாம்" என்றோ "இல்லை அம்மா, இப்பவே அந்த வீட்டுக்காரரை எழுப்புங்கோ" என்றோ சொல்லிவிடலாம்.